இரண்டு கண், ஒரே காட்சி

ஊசியும் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலை ஊசியில் கோருங்கள். பழகிய கைக்கு இது பெரிய வேலை இல்லை. ஒன்றிரண்டு முறை தவறும். பிறகு நுழைந்துவிடும்.

இப்போது ஒரு கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள். மறுபடியும் கோருங்கள். என்ன ஆகிறது? நூல் ஊசிக்கு முன்னால் நிற்கிறது. அல்லது ஊசியைத் தாண்டிப் போகிறது. ஊசியின் காது நன்றாகத் தெரிகிறது. நூலின் நுனியும் தெரிகிறது. ஆனால் எது முன்னால், எது பின்னால் என்று தெரியவில்லை.

மூடிய கண்ணைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது.

இரண்டு கண்ணும் சேர்ந்து ஏதோ ஒரு வேலை செய்கின்றன. அந்த வேலையை ஒரு கண்ணால் தனியாகச் செய்ய முடியவில்லை. அது என்ன வேலை? அதை யார் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள்? சில குழந்தைகளுக்கு அது ஏன் வராமல் போகிறது? இவற்றைப் பார்ப்போம்.

ஒரு கண் போதாதா?

கையை நீட்டுங்கள். கட்டைவிரலை உயர்த்துங்கள். எதிரே சுவரில் ஒரு காலண்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விரலைக் காலண்டருக்கு நேராகப் பிடியுங்கள். முதலில் வலக் கண்ணை மூடுங்கள். பிறகு அதைத் திறந்து இடக் கண்ணை மூடுங்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். விரல் இடமும் வலமும் தாவுகிறது. நீங்கள் விரலை அசைக்கவே இல்லை!

நம் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதனால் வலக் கண் பார்ப்பது ஒரு படம். இடக் கண் பார்ப்பது இன்னொரு படம். இரண்டும் கொஞ்சம் வேறுபடும். மூளை இந்த இரண்டு படங்களையும் வாங்குகிறது. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போடுகிறது. வித்தியாசம் அதிகமாக இருந்தால் பொருள் பக்கத்தில் இருக்கிறது. குறைவாக இருந்தால் தூரத்தில் இருக்கிறது. இந்தக் கணக்கு கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

1838-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற அறிஞர் இதை நிரூபித்துக் காட்டினார். காகிதத்தில் இரண்டு கோட்டுப் படங்கள் வரைந்தார். இரண்டும் கொஞ்சம் வேறுபட்டவை. கண்ணாடிகளை வைத்து ஒரு கண்ணுக்கு ஒரு படம் மட்டும் தெரியும்படி செய்தார். பார்த்தவர்களுக்குத் தட்டையான கோடுகள் தெரியவில்லை. முன்னும் பின்னுமாக நிற்கும் முழு உருவம் தெரிந்தது.

ஆட்டைப் பாருங்கள். அதன் கண்கள் தலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன. முன்னால், பக்கத்தில், ஏறக்குறைய பின்னாலும் அதற்குத் தெரியும். எந்தப் பக்கம் ஆபத்து வந்தாலும் ஓட வேண்டும் அல்லவா? புலிக்கும் பூனைக்கும் இரண்டு கண்களும் முன்னால் இருக்கின்றன. பாய வேண்டிய தூரம் அவற்றுக்குச் சரியாகத் தெரிய வேண்டும். கிளை விட்டுக் கிளை தாவும் குரங்குக்கும் அப்படித்தான். நம் கண்களும் இந்த வகை. முதுகுப் பக்கம் நமக்குத் தெரியாது. அதற்குப் பதிலாகத் தூரம் தெரிகிறது.

ஒரே கண் உள்ளவர்களுக்குத் தூரமே தெரியாது என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் உள்ளது பெரிதாகத் தெரியும். முன்னால் உள்ளது பின்னால் உள்ளதை மறைக்கும். நிழல் விழும். இவற்றை வைத்தே அவர்கள் தூரத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். தைக்கிறார்கள், சமைக்கிறார்கள். ஆனால் கைக்கெட்டும் தூரத்து நுட்பமான வேலைக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து கொடுக்கும் கணக்குக்கு ஈடு இல்லை.

ஆறு கயிறுகள்

இரண்டு படங்களையும் மூளை சேர்க்க வேண்டும் என்றால் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு கண்களும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று மாட்டையும் மற்றொன்று மரத்தையும் பார்த்தால் எதைச் சேர்ப்பது?

இரண்டு கண்களையும் ஒரே இடத்துக்குத் திருப்புவது தசைகளின் வேலை.

நம் கண் ஓர் உருண்டை. பெரியவர்களுக்கு அதன் அளவு சுமார் 24 மில்லிமீட்டர். கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எலும்புக் குழிக்குள் கொழுப்பு மெத்தையில் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு கண்ணையும் பிடித்துத் திருப்ப ஆறு தசைகள் உள்ளன. மாட்டை ஓட்டும் கயிறு போல இவை கண்ணை இழுக்கின்றன. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 12 கயிறுகள்.

ஆறில் நான்கு நேரான தசைகள். மேலே ஒன்று. கீழே ஒன்று. மூக்குப் பக்கம் ஒன்று. காதுப் பக்கம் ஒன்று. இவை கண்குழியின் ஆழத்தில் தொடங்குகின்றன. முன்னால் வந்து கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒட்டுகின்றன. எந்தத் தசை சுருங்குகிறதோ அந்தப் பக்கம் கண் திரும்பும்.

மீதி இரண்டும் சாய்வான தசைகள். அவற்றில் மேலே உள்ளதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கிணற்றில் தண்ணீர் சேந்தும் கப்பியைப் பார்த்திருப்பீர்கள். கயிறு மேலே போய்க் கப்பியில் திரும்பிக் கீழே இறங்கும். கண்ணிலும் ஒரு கப்பி இருக்கிறது! மூக்கை ஒட்டி, புருவத்துக்குக் கீழே, குழியின் உள்மூலையில் ஒரு சின்ன வளையம். மேல் சாய்வுத் தசை பின்னாலிருந்து முன்னால் வரும். அந்த வளையத்துக்குள் நுழையும். அங்கே திரும்பும். பிறகு பின்னோக்கிப் போய்க் கண்ணின் மேல்பக்கத்தில் ஒட்டும். நாம் தலையைச் சாய்க்கும்போது கண் கொஞ்சம் சுழன்றுகொடுக்க வேண்டும். அதற்கு இந்தச் சாய்வுத் தசைகள் உதவுகின்றன. மூக்குப் பக்கம் திரும்பிய கண்ணைக் கீழே இறக்குவதும் மேல் சாய்வுத் தசைதான். புத்தகம் படிக்கவும், படி இறங்கவும் அது வேண்டும்.

ஒரு வண்டியில் இரண்டு மாடுகள் பூட்டியிருக்கின்றன. வண்டி வலது பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு மாடும் சேர்ந்து வலது பக்கம் திரும்பினால்தான் வண்டி திரும்பும். கண்ணும் அப்படித்தான். வலது பக்கம் பார்க்க வேண்டுமா? வலக் கண்ணில் காதுப் பக்கத் தசை சுருங்கும். இடக் கண்ணில் மூக்குப் பக்கத் தசை சுருங்கும். எதிர்ப் பக்கத் தசைகள் அதே நேரத்தில் தளர்ந்துகொடுக்கும். இரண்டு கண்ணுக்கும் மூளையிலிருந்து ஒரே நேரத்தில் உத்தரவு போகிறது. பக்கத்தில் உள்ள ஊசியைப் பார்க்க வேண்டுமா? இப்போது உத்தரவு வேறு. இரண்டு கண்ணும் மூக்கை நோக்கி உள்ளே திரும்பும்.

இந்தத் தசைகள் எவ்வளவு ஓயாமல் உழைக்கின்றன தெரியுமா? இந்த வரியை நீங்கள் படிக்கிறீர்கள். உங்கள் கண் எழுத்துகளின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாக உங்களுக்குத் தோன்றும். அப்படி இல்லை. கண் தாவுகிறது. நிற்கிறது. மறுபடி தாவுகிறது. ஒரு நொடிக்கு மூன்று நான்கு முறை தாவும். நிற்கும்போதுதான் எழுத்தை வாங்கிக்கொள்கிறது. நம்பிக்கை இல்லையா? வீட்டில் யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்து அவர்கள் கண்ணைப் பாருங்கள். தத்துக்கிளி போலத் தாவுவது தெரியும். புதிதாகப் படிப்பவர்களின் கண் சின்னச் சின்னத் தாவலாகத் தாவும். அதிக நேரம் நிற்கும். பழகப் பழகத் தாவல் நீளும். நீங்கள் முதல் பாடம் படித்த நாளையும் இன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு சோதனை. புத்தகத்தை அசைக்காமல் பிடியுங்கள். தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே படியுங்கள். படிக்க முடிகிறது. இப்போது தலையை அசைக்காதீர்கள். புத்தகத்தை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடுகிறது. ஏன்? உள்காதில் ஓர் உறுப்பு இருக்கிறது. தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று அது அளக்கும். உடனே தசைகளுக்குச் செய்தி போகும். தலை இடது பக்கம் போனால் கண் வலது பக்கம் போகும். அதனால் பார்வை ஒரே இடத்தில் நிற்கும். மேடு பள்ளச் சாலையில் பஸ்ஸில் போகும்போது கடைகளின் பெயரைப் படிக்க முடிவது இதனால்தான்.

குழந்தை பார்க்கக் கற்கிறது

பிறந்த குழந்தைக்கு இரண்டு கண் உண்டு. 12 தசைகள் உண்டு. நரம்பும் மூளையும் உண்டு. ஆனாலும் அதற்கு நம்மைப் போலப் பார்க்கத் தெரியாது.

முதல் நாட்களில் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் வரை ஓரளவு தெரியும். பால் குடிக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று மாதங்களில் சில நேரம் ஒரு கண் ஒரு பக்கமும், மறு கண் வேறு பக்கமும் போகும். அடுத்த நொடி சரியாகிவிடும். இதற்குப் பயப்பட வேண்டாம். கடிவாளம் பிடிக்க இப்போதுதான் பழகுகிறது.

மூன்றாவது மாதத்தில் குழந்தை ஆடும் கிலுகிலுப்பையைக் கண்ணால் தொடரும். மூன்று மாதத்துக்கும் ஐந்து மாதத்துக்கும் இடையில் இரண்டு படங்களும் மூளையில் ஒன்று சேரத் தொடங்கும். தூரம் தெரிய ஆரம்பிக்கும். பிறகு பாருங்கள், கைக்கெட்டிய எதையும் விடாது. உங்கள் மூக்குத்தியை எட்டிப் பிடிக்கும். பார்வையின் கூர்மை ஐந்தாறு வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஆக, பார்ப்பது பிறவியிலேயே முழுதாக வருவது இல்லை. நடப்பது, பேசுவது போலப் பழகி வருவது. கண் கொடுக்கும் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் மூளை கற்கிறது.

நம் நாட்டிலேயே இதைத் தெளிவாகக் காட்டிய ஓர் ஆராய்ச்சி உண்டு. பவன் சின்ஹா என்ற விஞ்ஞானி தொடங்கிய 'பிரகாஷ்' என்ற திட்டம் அது. பிறவியிலேயே கண்ணில் புரை போன்ற குறை இருந்து பார்வை இல்லாமல் வளர்ந்த வட இந்தியக் கிராமக் குழந்தைகளைத் தேடிப் பிடித்தார்கள். டெல்லியில் அவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். அவர்களில் ஐந்து பேரிடம் செய்த ஒரு சோதனை 2011-இல் வெளியானது. அவர்களுக்கு வயது 8 முதல் 17 வரை. கட்டு அவிழ்த்த உடனே அவர்கள் கையில் ஒரு பொருளைக் கொடுத்தார்கள். பார்க்காமல் தடவச் சொன்னார்கள். பிறகு இரண்டு பொருள்களைக் கண்ணுக்குக் காட்டினார்கள். தடவியது எது என்று கேட்டார்கள். அவர்களால் சொல்ல முடியவில்லை. கண் திறந்துவிட்டது. ஆனால் கண்ணால் பார்த்ததும் கையால் தொட்டதும் ஒன்றுதான் என்று மூளைக்குத் தெரியவில்லை. சில நாட்கள் போனதும் அவர்களே அதைக் கற்றுக்கொண்டார்கள்.

'அதிர்ஷ்டக் கண்'

இப்போது ஒரு வீட்டுக்குப் போவோம். குழந்தைக்கு ஒன்றரை வயது. பெண் குழந்தை. ஒரு கண் மூக்குப் பக்கமாகத் திரும்பி இருக்கிறது. தாய் கவலைப்படுகிறாள்.

"அத்தை, பாப்பாவுக்குக் கண் மாறியிருக்கே. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?"

"போடி பைத்தியக்காரி. மாறுகண் அதிர்ஷ்டம். வீட்டுக்குப் பணம் கொட்டும். உங்க மாமனாருக்கும் சின்ன வயசில் இருந்தது. வளர வளரச் சரியாயிடும்."

இந்தப் பேச்சு நாட்டின் பல பகுதிகளில் பல மொழிகளில் நடக்கிறது. அத்தை கெட்டவர் இல்லை. பேத்தி மேல் உயிரையே வைத்திருப்பவர்தான். ஆனால் அவர் சொன்னதில் ஒன்றுகூடச் சரி இல்லை. மாறுகண் அதிர்ஷ்டம் இல்லை. நான்கு மாதத்துக்குப் பிறகும் நிற்கும் மாறுகண்ணைத் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. காத்திருக்கும் காலத்தில் உள்ளே ஒரு பெரிய நஷ்டம் நடந்துகொண்டிருக்கிறது. அது வெளியே தெரிவதில்லை.

அந்த நஷ்டம் என்ன?

நம்மைப் போன்ற பெரியவர்களுக்குத் திடீரென்று ஒரு கண் திரும்பிவிட்டால் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும். இரண்டு நிலா, இரண்டு விளக்கு. தலை சுற்றும். நடக்கவே முடியாது. குழந்தையின் மூளை இந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டு இருக்காது. இளம் மூளை வளையும். அது ஒரு தந்திரம் செய்யும். திரும்பிய கண் அனுப்பும் படத்தைத் தள்ளிவிடும். நேராக உள்ள கண்ணின் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். குழந்தைக்கு இரண்டாகத் தெரியாது. வலி இல்லை. அது சிரித்து விளையாடும். பெற்றோர் நிம்மதியாக இருப்பார்கள்.

ஆனால் தள்ளப்பட்ட கண்ணுக்கு வேலை இல்லை. அந்தக் கண்ணால் பார்க்க மூளை கற்கவே இல்லை. மாதங்கள் போகும். வருடங்கள் போகும். கண் உருண்டை நன்றாகவே இருக்கும். ஆனால் பார்வை இருக்காது. இதற்குச் சோம்பல் கண் என்று பெயர். பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. கண் சோம்பேறி இல்லை. அதற்கு வேலை கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

1960-களில் அமெரிக்காவில் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைப் பூனைக்குட்டிகளிடம் ஆராய்ந்தார்கள். பிறந்த குட்டியின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் மூடி வைத்தார்கள். பிறகு திறந்தார்கள். கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனாலும் அந்தக் கண்ணால் குட்டிக்குப் பார்க்கத் தெரியவில்லை. அந்தக் கண்ணுக்கு மூளையில் இடமே இல்லாமல் போயிருந்தது. வளர்ந்த பூனையின் கண்ணை அதே போல மூடித் திறந்தால் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே, கற்கும் காலம் என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் கண்ணுக்குப் படம் கிடைக்க வேண்டும். இந்த ஆராய்ச்சிக்காக 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மனிதக் குழந்தைக்குக் கற்கும் காலம் நீளமானது. 7 வயதுக்குள் சிகிச்சை செய்தால் நல்ல பலன் கிடைக்கும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 7 வயதைத் தாண்டியவர்களிலும் சிலருக்குப் பலன் கிடைக்கிறது. அதனால் 'வயது போய்விட்டதே' என்று வீட்டில் உட்கார்ந்துவிடவும் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சின்ன டார்ச் விளக்கு போதும். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கை நீளத்துக்குச் சற்று அதிக தூரத்தில் எதிரே உட்காருங்கள். விளக்கை ஒரு நொடி காட்டுங்கள். இரண்டு கண்மணியிலும் வெள்ளைப் புள்ளி தெரியும். இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா? நல்லது. ஒன்றில் நடுவிலும் மற்றொன்றில் ஓரத்திலும் இருக்கிறதா? கண் டாக்டரிடம் போங்கள். சில குழந்தைகளுக்கு மூக்கின் அடி அகலமாக இருக்கும். அதனால் கண் மாறியது போலத் தோன்றும். புள்ளிகள் சரியாக இருக்கும். சந்தேகம் இருந்தால் டாக்டரே சொல்லட்டும்.

இன்னொரு வழி. விளையாட்டுப் போலக் குழந்தையின் ஒரு கண்ணை உங்கள் உள்ளங்கையால் மறையுங்கள். பிறகு மறு கண்ணை மறையுங்கள். ஒரு கண்ணை மறைக்கும்போது மட்டும் குழந்தை அழுகிறதா? கையைத் தட்டிவிடுகிறதா? அப்படியென்றால் மறைக்காத கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம். எப்போதும் தலையைச் சாய்த்தே பார்க்கும் குழந்தையையும் கவனியுங்கள். கழுத்தில் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். கப்பித் தசை பலம் குறைந்திருந்தாலும் குழந்தை அப்படித் தலையைச் சாய்க்கும்.

கண்மணி கறுப்பாக இல்லாமல் வெள்ளையாகத் தெரிகிறதா? இருட்டில் பூனைக் கண் போல மின்னுகிறதா? ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அது புரையாக இருக்கலாம். கண்ணுக்குள் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்தப் புற்றுநோய்க்கு மாறுகண் முதல் அறிகுறியாக வருவதும் உண்டு. சீக்கிரம் போனால் உயிரைக் காப்பாற்றலாம். பல நேரம் கண்ணையும் காப்பாற்றலாம்.

கண் நேராக இருந்தும் சோம்பல் கண் வருவது உண்டு. ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருக்கும். மூளை அந்த மங்கல் படத்தைத் தள்ளிவிடும். பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகு, தூசி விழுந்து ஒரு கண்ணை மூடியபோதுதான் மறு கண்ணில் பார்வை இல்லை என்று தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பள்ளிக்கூடத்தில் கண் சோதனை நடந்தால் பிள்ளையை அன்று கட்டாயம் அனுப்புங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பார்கள். 2013-ஆம் ஆண்டு மத்திய அரசு ராஷ்ட்ரிய பால் சுவஸ்திய கார்யக்ரம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து குழந்தைகளைச் சோதிக்கிறது. குறை இருந்தால் இலவச சிகிச்சைக்கு அனுப்புகிறது.

என்ன சிகிச்சை?

முதலில் கண்ணாடி. 'மாறுகண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?' என்று கேட்பார்கள். காரணம் இருக்கிறது. பக்கத்தில் உள்ளதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் உள்ள வில்லை தடிக்கிறது. அதோடு சேர்ந்து இரண்டு கண்ணும் உள்ளே திரும்புகின்றன. இரண்டு வேலையும் ஒரே கயிற்றில் கட்டியது போல. தூரப்பார்வைக் குறை உள்ள குழந்தை எதைப் பார்த்தாலும் வில்லையை வருத்தித்தான் பார்க்கிறது. அதனால் கண்ணும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. இது பெரும்பாலும் இரண்டு மூன்று வயதில் தெரியவரும். சரியான கண்ணாடி போட்டால் வில்லைக்கு வேலை குறைகிறது. கண் நேராகிவிடுகிறது. கழற்றினால் மறுபடி திரும்பும். கத்தி வைக்காமலே தீரும் மாறுகண் இது. பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று பேசுபவர்கள் உண்டு. பார்வை போன கண்ணை விடக் கண்ணாடி போட்ட கண் மேல்.

அடுத்தது ஒட்டுத் துணி. நல்ல கண்ணை மூடி ஒட்டிவிடுவார்கள். திரும்பிய கண்ணை அல்ல! இதில் பலர் குழம்புகிறார்கள். நல்ல கண் மூடியிருந்தால்தான் மூளை மறு கண்ணைக் கேட்கும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று டாக்டர் சொல்வார். அதைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதிகம் மூடினால் நல்ல கண்ணும் கெடலாம். சிலருக்கு ஒட்டுக்குப் பதிலாக நல்ல கண்ணில் மங்கலாக்கும் சொட்டு மருந்து விடுவார்கள்.

அறுவை சிகிச்சை தசைக்குத்தான். கண்ணை வெளியே எடுத்து வைத்துச் செய்வார்கள் என்று பயப்படுகிறார்கள். அது பொய். அதிகமாக இழுக்கும் தசையைக் கழற்றிக் கொஞ்சம் பின்னால் தைப்பார்கள். தளர்ந்த தசையைக் கொஞ்சம் வெட்டி இறுக்குவார்கள். கயிற்றின் நீளத்தைச் சரிசெய்வது போல. கண் நேராகும். ஆனால் தூங்கிவிட்ட பார்வை இதனால் மட்டும் எழுந்துவிடாது. அதற்குக் கண்ணாடியும் ஒட்டும்தான். பெரியவர்களுக்கும் கண்ணை நேராக்கலாம். ஊர்க் கேலியிலிருந்து விடுதலை கிடைக்கும். அதுவும் சின்ன விஷயம் இல்லை.

சூசன் பேரி என்ற அமெரிக்கப் பேராசிரியருக்குக் கைக்குழந்தையிலேயே மாறுகண். சிறு வயதில் அறுவை சிகிச்சைகள் செய்து கண் நேரானது. ஆனால் இரண்டு படமும் ஒன்று சேரவில்லை. 48-ஆவது வயதில் கண் பயிற்சி செய்தபோதுதான் அவருக்கு முதன்முதலாகத் தூரம் தெரிந்தது. காரில் உட்கார்ந்தார். ஸ்டியரிங் சக்கரம் தன்னை நோக்கி முன்னால் வந்து நிற்பதைக் கண்டு திகைத்துப்போனார். இப்படி எல்லோருக்கும் கிடைக்காது. அவருக்கும் 48 வருடம் ஆனது.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. திடீரென்று எல்லாம் இரண்டாகத் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, தலையில் அடி, மூளையில் கோளாறு இவற்றால் கண் தசையின் நரம்பு செயல் இழக்கலாம். காத்திருக்கும் நோய் இல்லை அது.

நாம் பார்த்த வீட்டுக் குழந்தைக்கு வருவோம். அவளுக்கு ஒட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் அழுவாள். பிய்த்து எறிவாள். பாவம், நன்றாகத் தெரியும் கண்ணை மூடிவிட்டோமே. அடிக்க வேண்டாம். ஒட்டு இருக்கும் நேரத்தில் கூடவே உட்காருங்கள். கதை சொல்லிப் படம் காட்டுங்கள். நிறம் நிறமான பந்தை உருட்டிவிடுங்கள். தட்டில் உள்ள பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னச் சொல்லுங்கள். வளர்ந்த பிள்ளை என்றால் அரிசியில் கல் பொறுக்கலாம், பூக் கட்டலாம், சிலேட்டில் எழுதலாம். பள்ளிக்கு ஒட்டோடு போகும் பிள்ளையை முன்வரிசையில் உட்காரவைக்கும்படி டீச்சரிடம் சொல்லிவையுங்கள். மற்ற பிள்ளைகள் கேலி செய்யாமல் அவர் பார்த்துக்கொள்வார். டாக்டர் சொன்ன தேதியில் திரும்பப் போங்கள். கண் நேராகிவிட்டது என்று நீங்களே நிறுத்திவிட்டால் பார்வை மறுபடி இறங்கக்கூடும். அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மங்கிய கண்ணால் பேத்தி முன்பு படிக்க முடியாத சின்ன எழுத்தைப் பலகையில் படிப்பதை அவரும் பார்க்கட்டும்.